பெரியம்மா கடையில் ஒரு மூணாறு தலைப்பு

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி)



நம் ஊரார் அனைவரும் அறிந்த ஒரு காட்சியுடன் தொடங்குகிறேன். மேட்டூரில் திறந்துவிடும் தண்ணீர் காவிரியில் ஓடிக் கல்லணைக்கு வருகிறது. கல்லணையில் பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பை அடைகிறது. அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. அதன் பிறகு கிளை ஆறுகள், வாய்க்கால்கள், கடைசியில் வயல் வரப்பில் ஒரு சிறு மடை. எந்த மதகை எத்தனை அடி தூக்குவது என்று பார்த்துச் செய்ய லஸ்கர் ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு மதகை மாற்றித் திறந்துவிட்டால் என்ன ஆகும்? மேட்டூரில் அணை நிறையத் தண்ணீர் இருந்தாலும் கடைமடையில் இருக்கும் நம் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வயல் காய்ந்து கிடக்கும்.

இணையமும் இப்படித்தான் என்பதை நான் என் பெரியம்மாவின் கடையில் நேரில் கண்டேன். அங்கே மதகாக இருந்தது, நம் மதிய உணவு டப்பாவை விடச் சற்றே பெரிய ஒரு பெட்டி. அதன் பெயர் ரவுட்டர். தமிழில் திசைவி என்கிறார்கள். “வைஃபை பெட்டி” என்றால் நம் வீட்டுப் பாட்டிக்கும் புரியும். சிறிய கடை ஒன்றில் இந்தப் பெட்டியை எப்படி இணைப்பது, எப்படிப் பூட்டி வைப்பது, பழுது வந்தால் எங்கே பார்ப்பது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரவுட்டர் என்ன செய்கிறது?

நாம் அனுப்பும் படமோ கடிதமோ இணையத்தில் முழுதாகப் போவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புநர் எண், பெறுநர் எண் இரண்டும் எழுதப்பட்டிருக்கும். வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரும் அந்தப் பெறுநர் எண்ணைப் படித்து, “நீ இந்தப் பக்கம் போ” என்று அடுத்த வழியைக் காட்டிவிடும். போய்ச் சேர்ந்த இடத்தில் பொட்டலங்கள் மீண்டும் ஒன்று சேர்ந்து முழுப் படமாகிவிடும்.

இந்த வேலையைச் செய்த முதல் பெட்டிகள் 1969-ல் அமெரிக்காவில் ‘ஆர்பாநெட்’ என்னும் வலையில் பொருத்தப்பட்டன. ஒவ்வொன்றும் ஒரு பீரோ அளவு இருந்ததாம்! அவ்வாண்டு அக்டோபர் 29-ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிசிலிருந்து ஸ்டான்போர்டுக்கு ‘லாகின்’ என்னும் சொல்லை அனுப்ப முயன்றார்கள். முதல் இரண்டு எழுத்துகள் போனதும் எதிர்முனைக் கணினி படுத்துவிட்டது. ஆர்பாநெட்டின் முதல் செய்தியே பழுதோடுதான் தொடங்கியது என்று அறிந்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்டு 15-ல். பீரோ அளவு இருந்த பெட்டி இன்று அலமாரித் தட்டில் அமர்ந்திருக்கிறது.

இன்னொரு விந்தையையும் சொல்ல வேண்டும். பழைய முறையில் இணைய எண்கள் மொத்தம் ஏறத்தாழ 429 கோடிதான். உலகில் உள்ள கைப்பேசி, கணினி, காமிரா எல்லாவற்றுக்கும் அது எப்படிப் போதும்? நம் விடுதியை நினைத்துக் கொள்ளுங்கள். விடுதிக்கு அஞ்சல் முகவரி ஒன்றுதான். கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு முகவரிக்கே வரும். அலுவலகத்தில் அருட்சகோதரி பதிவேட்டைப் பார்த்து, இது எட்டாம் எண் கட்டிலில் படுப்பவளுக்கு, இது இருபதாம் எண்ணுக்கு என்று பிரித்துக் கொடுப்பார். கடையில் உள்ள ரவுட்டரும் அப்படியே. வெளியுலகுக்குக் கடை முழுவதற்கும் எண் ஒன்றுதான். உள்ளே இருக்கும் கணினிக்கும் பிரிண்டருக்கும் 192.168 என்று தொடங்கும் உள் எண்களை ரவுட்டரே வழங்கி, யார் எதைக் கேட்டார்கள் என்று குறித்து வைத்து, வந்த பதிலை உரியவரிடம் சேர்க்கிறது. வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் மட்டும் பயன்படுத்தவென்றே இந்த எண்களை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஒரு விடுதிக்கு ஒரு பதிவேடுதான் இருக்க வேண்டும். இரண்டு பேர் இரண்டு பதிவேடுகளை வைத்துக்கொண்டு கட்டில் எண் கொடுத்தால் என்ன குழப்பம் வரும்? அதுதான் பெரியம்மா கடையில் வந்தது.

கடையில் நடந்தது

பெரியம்மாவின் கடை பேருந்து நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது. ஜெராக்ஸ், டி.டி.பி., பொது சேவை மையம் மூன்றும் ஒரே கடையில். மூன்று கணினிகள், இரண்டு பிரிண்டர்கள். பெரியப்பா காலமான பிறகு பெரியம்மா அந்தக் கடையை வைத்துத்தான் அக்காவைப் படிக்க வைக்கிறார். அக்கா வெளியூரில் பொறியியல் படிக்கிறாள்.

ஐப்பசி மாதம் என்றால் அந்தக் கடையில் நிற்க இடம் இருக்காது. காரணம் பயிர்க் காப்பீடு. 2016-ல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நம் பகுதிச் சம்பா நெல்லுக்குப் பதிவு செய்யும் கெடு பல ஆண்டுகளாக நவம்பர் 15 என்றே அறிவிக்கப்பட்டு வந்தது. சில ஆண்டுகளில் நீட்டித்ததும் உண்டு. ஆனால் நீட்டிப்பார்கள் என்று நம்பி யாரும் வீட்டில் உட்கார முடியாது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்ததை நாம் மறக்கவில்லை. ஆகவே அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் இவற்றை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு விடியற்காலையிலேயே வந்துவிடுவார்கள்.

கடை நீளமானது. பின்னறைக்கு வைஃபை எட்டவில்லை. ஆகவே கெடுவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா இரண்டாவதாக ஒரு ரவுட்டர் வாங்கினார். தெரிந்த பையன் ஒருவன் வந்து கம்பியைச் செருகிவிட்டு, “ஓடுது அத்தை” என்று சொல்லிப் போய்விட்டான். அன்று ஓடியது. திங்களன்று காலையிலிருந்து ஒரு கணினி வேலை செய்தால் இன்னொன்று நின்றது. அணைத்துப் போட்டால் முதலாவது நின்று இரண்டாவது ஓடியது. பிரிண்டர் ஒரு நேரம் தெரிந்தது, ஒரு நேரம் காணாமற்போனது. இணையம் கொடுக்கும் நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்தால், “எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது” என்றார்கள். அது உண்மைதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

கெடுவுக்கு இரண்டு நாட்கள் இருந்தன. அன்று மாலை நான் கடைக்குப் போனபோது ஒரு பாட்டி பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். குத்தகை நிலம். காலை ஒன்பது மணிக்கு வந்தவர், கடைசிப் பேருந்து போய்விடும் என்று ஐந்து மணிக்கு எழுந்தார். “நாளைக்கு வர்றேன் தாயி. பஸ்ஸுக்குத்தான் காசு பார்க்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு அவர் சாப்பிடவும் இல்லை.

நான் அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “புதுப் பெட்டிக்குப் பின்னால வேன்னு ஒரு ஓட்டை இருக்கும். அதுல கம்பி இருக்கா, பாரு.”

பார்த்தேன். அந்த ஓட்டை காலியாக இருந்தது.

பிழை எங்கே?

ரவுட்டரின் பின்புறம் சாதாரணமாக ஐந்து ஓட்டைகள் இருக்கும். ஒன்று மட்டும் வேறு நிறத்தில், பெரும்பாலும் நீலத்தில், தனியாக இருக்கும். அதன் மேல் ‘வேன்’ என்று எழுதியிருக்கும். நாம் பள்ளிக்கு ஏறி வரும் வேன் அல்ல! வெளியிலிருந்து தண்ணீர் வரும் தலைவாய் அது. மற்ற நான்கின் மேல் ‘லேன்’ என்று இருக்கும். அவை வயலுக்குப் போகும் மடைகள். வெளியிலிருந்து வரும் கம்பியை அந்தப் பையன் லேன் மடை ஒன்றில் செருகியிருந்தான்.

இணைய நிறுவனம் பொருத்திய ஒளியிழைப் பெட்டியும் உண்மையில் ஒரு ரவுட்டரே. அது உள் எண்களை வழங்கிக் கொண்டிருந்தது. புதுப் பெட்டியும் அதே வரிசையில் எண்களை வழங்கத் தொடங்கியது. அது மட்டுமல்ல, இரண்டு பெட்டிகளும் தமக்கு 192.168.1.1 என்னும் ஒரே எண்ணை வைத்திருந்தன. கணினி எந்தப் பெட்டியைத் தலைவாசல் என்று நினைத்ததோ, அதைப் பொறுத்து இணையம் வந்தது அல்லது நின்றது. இரண்டு லஸ்கர்கள் ஒரே மதகை ஆளுக்கொரு பக்கம் திருகியது போல!

அக்கா சொல்லச் சொல்ல நான் செய்தேன். கம்பியைப் பிடுங்கி வேன் ஓட்டையில் செருகினேன். புதுப் பெட்டியின் உள் வரிசையை 192.168.2 என்று தொடங்குமாறு மாற்றினேன். கடையின் கணினிகள், பிரிண்டர்கள் எல்லாவற்றையும் புதுப் பெட்டியின் கீழே கொண்டு வந்தேன். எல்லாவற்றையும் அணைத்து, முதலில் ஒளியிழைப் பெட்டி, இரண்டு நிமிடம் கழித்துப் புதுப் பெட்டி, பிறகு கணினிகள் என்று வரிசையாகப் போட்டேன். மூன்று கணினிகளும் ஒருசேர ஓடின. அப்போது மணி இரவு எட்டே முக்கால்.

இணைக்கும் முறை

இனி, தொடக்கத்திலிருந்தே எப்படிச் செய்திருக்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் தாளில் படம் வரைய வேண்டும். கடையில் என்னென்ன கருவிகள், எங்கே இருக்கின்றன, எது நகராதது, எது நகர்வது என்று குறிக்க வேண்டும். நகராத கணினிக்கும் பிரிண்டருக்கும் கம்பியே நல்லது. கைப்பேசி, மடிக்கணினி போன்றவற்றுக்கு வைஃபை போதும்.

2. பெட்டியை வைக்கும் இடம் முக்கியம். கடையின் நடுப்பகுதியில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வைக்க வேண்டும். இரும்பு பீரோவுக்குப் பின்னாலும், பெரிய கண்ணாடிக்கு அருகிலும், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்திலும் வைத்தால் அலை தடைபடும். பெரியம்மா முதலில் பெட்டியை பீரோவுக்குள்ளேயே வைத்திருந்தார். “பத்திரமா இருக்கட்டும்னுதான்” என்றார்! பல பெட்டிகளில் இரண்டு அலைகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டிப் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. சுவர் குறுக்கிட்டால் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

3. ஒளியிழைக் கம்பியை மடக்கக் கூடாது. அது கண்ணாடி இழை. ஒளிதான் அதில் ஓடுகிறது. கூர்மையாக மடித்து ஆணியில் கட்டினால் ஒளி வழியிலேயே சிதறிவிடும். பெரிய வளையமாகச் சுற்றி விட வேண்டும்.

4. ஒளியிழைப் பெட்டியின் லேன் ஓட்டையிலிருந்து ரவுட்டரின் வேன் ஓட்டைக்கு ஒரு கம்பி. ரவுட்டரின் லேன் ஓட்டைகளிலிருந்து கணினிகளுக்கும் பிரிண்டருக்கும் மற்றக் கம்பிகள். நான்கு மடை போதாவிட்டால் ‘சுவிட்ச்’ என்னும் பெட்டி ஒன்று வாங்கினால் மடைகள் கூடும். விளக்குப் போடும் சுவிட்ச் அல்ல. கம்பிகளைக் கிளை பிரிக்கும் பெட்டி. இந்தச் செப்புக் கம்பியை ஒரே நீளமாக 100 மீட்டர் வரை இழுக்கலாம். சிறு கடைக்கு அது தாராளம்.

5. கணினியில் பிரௌசரைத் திறந்து, ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் காணும் எண்ணைத் தட்டினால் அதன் அமைப்புப் பக்கம் வரும். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. இணைய நிறுவனம் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்திருந்தால் அவற்றை எங்கே பதிவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒளியிழைப் பெட்டியிலேயே அவை பதியப்பட்டிருந்தால் இரண்டாவது பெட்டியில் பதிய வேண்டியதில்லை. ஆனால் இரண்டு பெட்டிகளின் உள் வரிசையும் வேறு வேறாக இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

6. பிரிண்டருக்கு மாறாத எண் ஒன்றை ஒதுக்கி வைக்க வேண்டும். பெரியம்மா கடையில் 192.168.2.50 என்று ஒதுக்கினோம். கட்டில் எண் தினமும் மாறினால் கடிதம் எப்படிச் சேரும்? அதன் பிறகு பிரிண்டர் காணாமற்போகவில்லை.

பூட்டும் சாவியும்

இத்துடன் கட்டுரை முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் மறுநாள் இன்னொன்று நடந்தது. யாரும் தொடாமலே கடையின் கலர் பிரிண்டரிலிருந்து ஒரு சினிமா நடிகரின் படம் தானே வெளியே வந்தது! எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்து டீக்கடையில் நின்ற ஒரு பையன் தன் கைப்பேசியிலிருந்து விளையாட்டாக அனுப்பியிருந்தான். கடையின் வைஃபை கடவுச்சொல் சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டப்பட்டிருந்தது.

அன்று மாலை இதை அக்காவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “பிரிண்டர் வரைக்கும் வந்தவன் கம்ப்யூட்டர் வரைக்கும் வர மாட்டானா? ஸ்கேன் எல்லாம் எங்க இருக்கு?” என்று கேட்டாள்.

மூன்று கணினிகளுக்கும் பொதுவாகத் திறந்து வைத்திருந்த ஒரு கோப்புறையில் அவை இருந்தன. நூற்றுக்கணக்கான ஆதார் அட்டைகள், வங்கிப் புத்தகங்கள், சிட்டாக்கள், கையெழுத்துகள். கடவுச்சொல் தெரிந்த எவரும் டீக்கடையில் நின்றபடி அவற்றைப் பார்த்திருக்கலாம். பார்த்ததாக எந்த அடையாளமும் இல்லை. ஆனால் பார்க்கவில்லை என்று சொல்லவும் எங்களால் முடியவில்லை. பெரியம்மாவின் முகம் வாடிவிட்டது. “நம்மள நம்பித்தானே பையைத் திறந்து கொடுத்துட்டுப் போறாங்க” என்றார்.

தோழியரே, இதுவே நான் கற்ற பெரிய பாடம். இணையம் நின்றுபோனால் உடனே தெரிந்துவிடும். யாரையாவது அழைத்துச் சரி செய்வோம். பூட்டு இல்லை என்பது தெரியவே தெரியாது. எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் செய்த பூட்டுகள் இவை:

முதற் பூட்டு: அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல்லை மாற்றினோம். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. இதுதான் மதகின் சாவி. தொழிற்சாலையிலிருந்து வரும்போது ‘அட்மின்’ என்பது போன்ற ஒரு சொல் இருக்கும். அது உலகுக்கே தெரியும். 2016-ல் ‘மிராய்’ என்னும் தீய நிரல், இப்படி மாற்றாமல் விட்ட கடவுச்சொற்களை முயன்று பார்த்தே இலட்சக்கணக்கான காமிராக்களிலும் ரவுட்டர்களிலும் புகுந்தது. அவ்வாண்டு அக்டோபர் 21-ல் அமெரிக்காவில் புகழ்பெற்ற பல இணையதளங்கள் திறக்காமல் நின்றதற்கு அதுவே காரணம். எங்கோ ஒரு வீட்டுக்காரர் தம் பெட்டியைப் பூட்டாததால் வேறு எங்கோ ஒருவருக்கு இடைஞ்சல்!

இரண்டாம் பூட்டு: வைஃபைக்கு நல்ல கடவுச்சொல். கடைப் பெயரும் தொலைபேசி எண்ணும் ஆகாது. தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து வைத்தால் நமக்கு நினைவிருக்கும், பிறருக்கு எட்டாது. பாதுகாப்பு முறையில் டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அதையும், இல்லையேல் டபிள்யூ.பி.ஏ.2-ஐயும் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய டபிள்யூ.இ.பி. முறையை உடைக்கும் வழி 2001-லேயே வெளியாகிவிட்டது. பொத்தானை அழுத்தி இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்துவிடுவது நல்லது. அதில் உள்ள எட்டு இலக்க எண்ணின் ஓட்டை 2011-ல் தெரிய வந்தது.

மூன்றாம் பூட்டு: திண்ணை வேறு, வீடு வேறு. நம் பாட்டன் காலத்து வீடுகளில் வழிப்போக்கர் திண்ணையில் அமரலாம். தண்ணீர் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் நெற்குதிர் இருக்கும் அறைக்குள் விடமாட்டார்கள். வாடிக்கையாளருக்கு வைஃபை தருவதும் அப்படியே இருக்க வேண்டும். பல ரவுட்டர்களில் ‘கெஸ்ட்’ என்று விருந்தினர் வலை தனியாக உண்டு. அதை இயக்கினால் விருந்தினருக்கு இணையம் மட்டும் கிடைக்கும். கடையின் கணினியும் பிரிண்டரும் அவர்கள் கண்ணில் படா. பெரியம்மா கடையில் இரண்டு பெட்டிகள் இருந்ததால் வெளிப்பெட்டியைத் திண்ணையாகவும் உட்பெட்டியை வீடாகவும் வைத்தோம். வெளிப்பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்கும் தனிச் சாவி போட்டோம்.

நான்காம் பூட்டு: பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளைப் புதுப்பிப்பது. அமைப்புப் பக்கத்திலேயே ‘அப்டேட்’ என்று இருக்கும். ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் நிறுவனம் அடைத்து அனுப்பும். அதைப் போட்டுக் கொள்வது நம் வேலை. வெளியூரிலிருந்து அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் வசதி தேவையில்லை என்றால் அதையும் மூடிவிட வேண்டும்.

இவற்றோடு ஒரு பழக்கமும் சேர்ந்தது. வேலை முடிந்து ரசீது கொடுத்ததும் அவரவர் ஸ்கேன்களை அழித்துவிடுவது என்று பெரியம்மா முடிவு செய்தார். பிறர் விவரங்களைக் காப்பதற்கென்றே நம் நாட்டில் 2023-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது என்று அக்கா சொன்னாள். பெரியம்மா சட்டத்துக்காக அழிக்கவில்லை. மஞ்சள் பைகளுக்காக அழிக்கிறார்.

மின்சாரமும் மழையும்

ஐப்பசி கார்த்திகை என்றால் நம் ஊரில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும். கணினிக்கு யு.பி.எஸ். வைத்திருப்பார்கள்; ரவுட்டரை மறந்துவிடுவார்கள். மின்சாரம் போனால் கணினி ஓடும், இணையம் நிற்கும்! ரவுட்டருக்கு மின்சாரம் மிகக் குறைவாகவே தேவை. பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுகின்றன. அவற்றுக்கென்றே சிறிய யு.பி.எஸ். கிடைக்கிறது. வாங்கும்போது அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒளியிழைப் பெட்டி, ரவுட்டர் இரண்டுக்கும் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் வைத்தால் பயனில்லை. இடி மின்னல் நேரத்தில் ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாது என்றாலும் அடாப்டர் கம்பி கடத்தும். ஆகவே இரவில் கடை மூடும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுவதே நன்று.

ஒளியிழையே அறுந்துவிட்டால்? கைப்பேசியின் ‘ஹாட்ஸ்பாட்’ வழியாக ஒரு கணினியையாவது ஓட்டலாம். இதைப் பழுது வந்த அன்று தேடாமல், முன்பே ஒருநாள் ஓட்டிப் பார்த்து வைத்திருக்க வேண்டும். கஜா போன்ற புயலில் கம்பமும் கோபுரமும் சாய்ந்தால் இவையும் உதவா. அதனால்தான் கெடுவின் கடைசி நாள்வரை எதையும் தள்ளிப்போடக் கூடாது என்கிறேன்.

விளக்குகள் சொல்லும் செய்தி

பழுது வந்தால் பதறாமல் விளக்குகளைப் பார்க்க வேண்டும். ஒளியிழைப் பெட்டியில் ‘லாஸ்’ என்னும் விளக்கு சிவப்பாக மின்னினால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று பொருள். நாம் செய்யக் கூடியது ஒன்றுமில்லை. நிறுவனத்தை அழைக்க வேண்டும். ‘பான்’ விளக்கு அசையாமல் பச்சையாக எரிந்து, ரவுட்டரின் வேன் விளக்கு அணைந்திருந்தால் இரண்டு பெட்டிக்கும் நடுவே உள்ள கம்பியைப் பார்க்க வேண்டும். அதுவும் எரிந்து ஒரு கணினி மட்டும் ஓடவில்லை என்றால் அந்தக் கணினியின் கம்பியைப் பார்க்க வேண்டும். தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயி தலைவாயிலிருந்து மடைவரை நடந்து பார்ப்பதில்லையா? அதே முறைதான்.

முடிவுரை

கெடுவுக்கு முந்திய நாள் காலை அந்தப் பாட்டி வந்தார். “பெட்டி நல்லாயிடுச்சா தாயி?” என்று கேட்டார். பெரியம்மா அவரை முதல் ஆளாக உட்கார வைத்துப் பதிவு செய்து, ரசீதைக் கையில் கொடுத்தார். பாட்டி அதை நான்காக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். அந்தத் தாளுக்குப் பின்னால் எத்தனை கம்பி, எத்தனை எண், எத்தனை பூட்டு இருக்கின்றன என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. கடை வைத்திருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது பெரியம்மாவின் கல்லாப்பெட்டிக்குள் ஒரு சிறிய நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் எந்தக் கம்பி எந்த ஓட்டையில் என்ற படம். அடுத்த பக்கத்தில் உள் எண்கள். கடைசிப் பக்கத்தில் சாவிச் சொற்கள். சுவரில் திண்ணையின் கடவுச்சொல் மட்டும் ஒட்டியிருக்கிறது. போன மாதம் பிரிண்டர் நின்றபோது பெரியம்மா யாரையும் அழைக்கவில்லை. நோட்டை எடுத்தார், விளக்கைப் பார்த்தார், தளர்ந்திருந்த கம்பியை அழுத்தினார். பிறகு எனக்குத் தொலைபேசி செய்து, “நானே சரி பண்ணிட்டேன்டி!” என்றார்.

தோழியரே, உங்கள் வீட்டிலும் ஒரு கடை இருக்கலாம். அரிசி மண்டியோ, மருந்துக்கடையோ, தையற்கடையோ எதுவாயினும். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் அங்குள்ள பெட்டியின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். வேன் ஓட்டையில் எந்தக் கம்பி இருக்கிறது என்றும், மதகின் சாவி யார் கையில் இருக்கிறது என்றும் கேளுங்கள். ஒருவரும் பதில் சொல்லவில்லை என்றால், ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து நீங்களே தொடங்குங்கள்.